விசிலை வாயில் வைத்தபின் கேட்க வேண்டியவை: டிரிப்ளிங்கும் பின்களமும், புதிய கூடைப்பந்து நடுவர்களுக்கு

கூடைப்பந்தில் புதிதாக விசில் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஃபவுலை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் முதல் பத்து ஆட்டங்களில் அவர்களை அதிகம் திணறவைப்பவை வேறு இரண்டு: பந்தைத் தட்டிச் செல்வது பற்றிய விதியும், நடுக்கோட்டைத் தாண்டிய பந்து திரும்பி வருவது பற்றிய விதியும். மொரீஷியஸில் எந்தத் திடலின் ஓரத்தில் நின்றாலும் அந்தக் குழப்பம் காதில் விழும். “ரெப்ரீஸ்!” என்று கத்தினால், தட்டி முடித்தவர் மறுபடி தட்டிவிட்டார் என்று பொருள். “மார்ஷே!” என்றால் பந்தைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டார். “ரெத்தூர் ஆன் ஸோன்!” என்றால் பந்து பின்களத்துக்கு, அதாவது தாக்கும் அணி தன் கூடையைக் காக்கும் பாதிக்கு, திரும்பிவிட்டது. கத்துபவர்களில் பலர் தொலைக்காட்சியில் அமெரிக்க என்பிஏ ஆட்டங்களைப் பார்த்துப் பழகியவர்கள். இங்கே நாம் ஊதுவது உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிப்படி. இரண்டும் பல இடங்களில் பிரிகின்றன.

இந்த வழிகாட்டி முழுவதும் சிவப்பு அணி தாக்குகிறது, நீல அணி தடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவர் மனத்தில் எப்போதும் இருக்க வேண்டிய ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். பார்க்க அலங்கோலமாக இருப்பது வேறு, விதிமீறல் வேறு. பந்து கையிலிருந்து வழுக்குவதும், வீரர் தடுமாறுவதும், பந்து கோட்டைத் தாண்டி உருளுவதும் தம்மளவில் குற்றமல்ல.

ஆட்டத்துக்கு முன் கோட்டைப் பாருங்கள்

ஆட்டம் தொடங்கும் முன் நடுக்கோட்டின் மேல் ஒரு தடவை நடந்து பாருங்கள். முழு அளவுத் திடல் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். கோட்டின் அகலம் 5 சென்டிமீட்டர். நடுக்கோடு இரு பக்கக்கோடுகளுக்கும் வெளியே 15 சென்டிமீட்டர் நீண்டிருக்கும். பள்ளித் திடல்களில் வாலிபால், ஹேண்ட்பால் கோடுகளும் மேலே மேலே பூசப்பட்டிருக்கும். வாலிபாலின் தாக்குக்கோடு அதன் நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டரில் ஓடுவதால், களைத்த கண்ணுக்கு அதுவே கூடைப்பந்தின் நடுக்கோடாகத் தெரிந்துவிடும். எந்த நிறம் எந்த ஆட்டத்துக்கு என்று இரு தலைவர்களையும் அழைத்துக் காட்டிவிடுங்கள். நடுக்கோடு மங்கியிருந்தால் சாக்கட்டியால் அழுத்திப் போடச் சொல்லுங்கள்.

கோடு யாருக்குச் சொந்தம் என்பதும் இப்போதே தெளிவாக வேண்டும். எந்த அணியிடம் பந்து இருக்கிறதோ, நடுக்கோடு முழுவதும் அந்த அணியின் பின்களத்தைச் சேர்ந்தது. எதிரணிக் கூடைக்கு அருகில் இருக்கும் கோட்டின் விளிம்பைத் தாண்டிய பிறகுதான் முன்களம் தொடங்குகிறது. ஆகவே முன்களத்தில் பந்தைப் பிடித்து நிற்பவரின் குதிகால் கோட்டின் மேல் பட்டால்கூட அவர் பின்களத்தைத் தொட்டுவிட்டார்.

கியூர்பீப், வாக்குவா போன்ற மேட்டுநிலத்து ஊர்களில் தூறல் சட்டென்று வந்து போகும். ஈரப் பந்து கையில் நிற்காது. அங்கே கீழே சொல்லும் ‘நழுவல்’ பற்றிய பகுதி உங்களுக்கு ஒரே ஆட்டத்தில் பல தடவை தேவைப்படும்.

டிரிப்ளிங்: தொடக்கம் எது, முடிவு எது

பந்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் வீரர் அதைத் தரையில் எறிந்தோ, தட்டியோ, உருட்டியோ விட்டு, வேறு யாரையும் அது தொடும் முன் தானே மறுபடி தொட்டால் டிரிப்ளிங் தொடங்கிவிட்டது. ‘உருட்டி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கீழே விழுந்தவர் பந்தைத் தரையில் உருட்டிவிட்டு எழுந்து போய் எடுத்தால் அதுவும் ஒரு டிரிப்ளிங்தான். இரு கைகளும் ஒரே நேரத்தில் பந்தைத் தொட்டால், அல்லது பந்து ஒரு கையிலோ இரு கைகளிலோ தங்கி நின்றால், டிரிப்ளிங் முடிந்தது. பந்து கையில் படாத நேரத்தில் எத்தனை அடி ஓடினாலும் கணக்கில்லை. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே ஐந்தாறு அடி ஓடுபவரைப் பார்த்து “மார்ஷே!” என்று கூட்டம் கத்தும். அதற்கு விசில் கிடையாது.

‘ரெப்ரீஸ்’ என்று சந்தேகம் வந்தால் மனத்துக்குள் இந்த வரிசையில் கேளுங்கள்.

முதலாவது: முன்பு பந்து உண்மையிலேயே அவர் கட்டுப்பாட்டில் இருந்ததா? உருண்டோடும் பந்தைக் கூட்டத்திலிருந்து விலக்கித் தட்டிவிட்டு, பின்னால் ஓடிப் பிடித்தவர் இன்னும் டிரிப்ளிங்கைத் தொடங்கவே இல்லை. எதிராளியின் பந்தைத் தட்டிப் பறித்தவரும், எதிராளியின் பாஸைத் தட்டித் திருப்பிப் பிடித்தவரும் அப்படியே. அவர்கள் பிடித்த பிறகு தாராளமாகத் தட்டிச் செல்லலாம்.

இரண்டாவது: முதல் டிரிப்ளிங் முடிந்துவிட்டதா? தட்டிக்கொண்டு போகும்போது பந்து தன் காலிலேயே தெரியாமல் பட்டு ஓடினால் அது முடிவல்ல. ஓடிப் போய்த் தொடர்ந்து தட்டலாம்.

மூன்றாவது: முடிந்தது என்றால், இடையில் அவர் கட்டுப்பாட்டை இழந்தாரா, எதனால் இழந்தார்? கூடையை நோக்கி எறிந்திருந்தால் மறுபடி தட்டலாம். எதிராளி தொட்டதால் பந்து போயிருந்தால் தட்டலாம். அவர் விட்ட பாஸோ நழுவிய பந்தோ வேறு ஒரு வீரரைத் தொட்டுத் திரும்பியிருந்தால் தட்டலாம். வேறு வழி இல்லை.

மூன்றாவது கேள்வியில் ஒரு நுட்பம் இருக்கிறது. எதிராளி பந்தைத் தொட்டதே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சிவப்பு 7 இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருக்கும்போது நீலம் தட்டிப் பார்க்கிறது, பந்து அசையவில்லை. அவர் கட்டுப்பாட்டை இழக்கவில்லை, ஆகவே புதிதாகத் தட்ட உரிமையும் இல்லை. அதே தட்டில் பந்து கையைவிட்டுப் போய் அவரே மீட்டால், உரிமை திரும்பி வருகிறது.

நழுவல்: புதியவர்கள் அதிகம் தவறும் இடம்

பந்தைத் தவறுதலாக இழந்து மறுபடி பிடிப்பதே நழுவல். டிரிப்ளிங்கின் தொடக்கத்திலோ முடிவிலோ நழுவினால் அந்த நழுவலை டிரிப்ளிங்காக எண்ணக் கூடாது.

சிவப்பு 7 பாஸை வாங்குகிறார், பந்து விரல்களில் பட்டு வழுக்கித் தரையில் குதிக்கிறது, ஓடிப் போய் இரு கைகளால் எடுக்கிறார். இன்னும் தட்டத் தொடங்கவில்லை, ஆகவே இனித் தட்டிச் செல்லலாம். திடல் முழுவதும் “ரெப்ரீஸ்!” என்று கத்தும். கையை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அவர் தட்டி முடித்து இரு கைகளால் எடுக்கும்போது பந்து நழுவுகிறது. அதைத் தாவிப் பிடிக்கலாம், அது சரி. பிடித்தபின் பாஸ் செய்யலாம், கூடைக்கு எறியலாம். மறுபடி தட்டினால் அந்தத் தட்டுக்குத்தான் விசில். நழுவியதற்கு விசில் ஊதிவிட்டால், செய்யாத தப்புக்குத் தண்டனை கொடுத்ததாகிவிடும்.

தவறி விழுந்ததா, வேண்டுமென்று விட்டதா என்பதை எப்படி அறிவது? கைகளைப் பாருங்கள். வேண்டுமென்று விடுபவரின் மணிக்கட்டு தள்ளும், கண் அடுத்த இடத்தைப் பார்த்திருக்கும். நழுவவிட்டவரின் விரல்கள் விரிந்து பந்தைத் தேடும், உடல் பந்தின் பின்னால் இழுபடும்.

தனக்குத்தானே விடும் ‘பாஸும்’ இதே வகைச் சிக்கல். இன்னும் தட்டாத சிவப்பு 7 பந்தை முன்னால் எறிகிறார், யாரும் எடுக்கவில்லை, தரையில் குதித்ததை அவரே ஓடிப் பிடிக்கிறார். அது முதல் டிரிப்ளிங், பிடித்ததோடு முடிந்தது. குற்றமில்லை. ஏற்கெனவே தட்டி முடித்தவர் அதையே செய்தால் அது இரண்டாவது டிரிப்ளிங், விசில். எதிராளியின் தலைக்கு மேல் பந்தைத் தூக்கியெறிந்து, தரையிலோ வேறு வீரர் மீதோ படும் முன் தானே ஓடிப் பிடித்தால், முன்பு தட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும் விதிமீறல்.

கூடையை நோக்கி எறிந்த பந்து வளையத்தையும் பலகையையும் தொடாமலே கீழே வந்து, எறிந்தவரே பிடித்தால்? உண்மையான எறிதல் முயற்சி என்று நீங்கள் கருதினால் ஃபிபா விதியில் குற்றமில்லை, அவர் புதிதாகத் தட்டவும் செய்யலாம். என்பிஏ விதியில் அது கூடாது. ஆகவே இங்கே உங்களோடு வாதாடுபவர் பொய் சொல்லவில்லை, வேறொரு புத்தகத்தைச் சொல்கிறார். பலகையில் எறிந்து தானே பிடிப்பதும் டிரிப்ளிங் அல்ல. ஆனால் தட்டி முடித்தவர் கூடைக்கு எறியும் நோக்கமின்றிப் பலகையில் எறிந்து பிடித்தால், புதிதாகத் தட்டும் உரிமை அவருக்குக் கிடைப்பதில்லை.

பந்தைச் சுமப்பது பற்றிச் சுருக்கமாக: தட்டும் உயரம் அளவுகோல் அல்ல. தலை உயரத்துக்குக் குதித்தாலும் சரியே. கை பந்தின் அடியில் போய், பந்து உள்ளங்கையில் ஒரு கணம் தங்கி, மறுபடி தரைக்குப் போனால்தான் தப்பு. தங்கியது என்பதே முடிவு, அடுத்த தட்டு இரண்டாவது தொடக்கம்.

டிரிப்ளிங் தொடங்கும் கணத்தில் காலையும் பாருங்கள். நின்ற நிலையில் பந்தைப் பிடித்தவர், ஊன்றுகால் (தரையில் பதித்து, அதைச் சுற்றித் திரும்பும் கால்) தரையைவிட்டு எழும் முன் பந்தைக் கையிலிருந்து விட வேண்டும். ஓட்டத்தில் பிடித்தவருக்கு 2017 அக்டோபர் முதல் கணக்கு மாறியது: பந்து கட்டுப்பாட்டுக்கு வரும்போது தரையில் இருக்கும் காலை எண்ணாமல், அதன் பிறகு தரையில் படும் காலே முதல் அடி. அப்படிப் பிடித்தவர் தட்ட விரும்பினால் இரண்டாவது அடிக்கு முன் பந்தை விட்டிருக்க வேண்டும்.

பின்களம்: நான்கும் சேர்ந்தால்தான் விசில்

முன்களத்திலிருந்து பந்து சட்டவிரோதமாகத் திரும்பியது என்று ஊத, நான்கு நிபந்தனைகள் ஒன்றாக நிறைவேற வேண்டும். பந்து சிவப்பு அணியின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு முன்களத்தில் நிலைபெற்றிருக்க வேண்டும். முன்களத்தில் கடைசியாகத் தொட்டவர் சிவப்பாக இருக்க வேண்டும். பிறகு முதலில் தொட்டவரும் சிவப்பாக இருந்து, அவர் பின்களத்தைத் தொட்டுக்கொண்டிருக்கவோ பந்து ஏற்கெனவே பின்களத்தில் பட்டிருக்கவோ வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஆட்டம் தொடரும்.

நான்காவது நிபந்தனைதான் அவசர விசிலைத் தடுக்கும். பந்து கோட்டைத் தாண்டி உருளும்போதே ஊதுவது புதியவர்கள் செய்யும் மிகப் பொதுவான பிழை. அந்தக் கணத்தில் இன்னும் எதுவும் நடக்கவில்லை. நீலம் ஓடிவந்து எடுத்தால் அவர்களுக்குத் திறந்த கூடை. உங்கள் விசில் அந்த வாய்ப்பை அழித்துவிடும். சிவப்பின் கை பந்தைத் தொடும் வரை காத்திருங்கள்.

இரண்டாவது நிபந்தனை, முன்களம் எப்போது நிலைபெறுகிறது என்பது. தட்டிக்கொண்டு கோட்டைக் கடப்பவருக்கு மூன்று புள்ளிகள்: பந்து, வலது கால், இடது கால். மூன்றும் முழுவதுமாக முன்களத்தில் பட்ட பிறகே அவர் முன்களத்துக்கு வந்தவர். சிவப்பு 7 கோட்டின் இருபுறமும் கால் வைத்து, பந்தை முன்களத்தில் தட்டிவிட்டு, பயந்து பின்வாங்குகிறார். குற்றமில்லை, அவர் இன்னும் பின்களத்தில்தான். அந்த நிலையில் பந்தைப் பிடித்து நின்று பின்னால் இருப்பவருக்குக் கொடுத்தாலும் குற்றமில்லை. 8 விநாடிக் கணக்கு (பந்தைப் பின்களத்திலிருந்து முன்களத்துக்குக் கொண்டுபோக உள்ள நேரம்) மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று புள்ளிகளும் கடந்தபின் திரும்பிப் பார்த்துக் குதிகாலைக் கோட்டில் வைத்தால் விசில். கால்கள் முன்களத்திலேயே இருக்க, அவர் தட்டிய பந்து கோட்டிலோ கோட்டுக்குப் பின்னாலோ குதித்து அவரே தொட்டாலும் விசில்.

மூன்றாவது நிபந்தனை, கடைசித் தொடுகை. சிவப்பு 7 முன்களத்தில் விட்ட பாஸை நீலம் 10 விரல் நுனியால் தட்டுகிறார், பந்து பின்களத்துக்கு ஓடுகிறது, சிவப்பு 4 எடுக்கிறார். சரியான ஆட்டம். கடைசியாகத் தொட்டவர் நீலம். புதிய 8 விநாடிக் கணக்கு தொடங்கும், 24 விநாடிக் கடிகாரம் (கூடைக்கு எறிய அணிக்கு உள்ள நேரத்தைக் காட்டுவது) மட்டும் பழைய கணக்கிலேயே ஓடும். ஆனால் நீலம் 10 தட்டிய பந்து சிவப்பு 7-இன் முழங்காலில் பட்டுப் பின்களத்துக்குப் போனால், முன்களத்தில் கடைசியாகத் தொட்டது சிவப்பு. சிவப்பு 4 தொட்டதும் விசில். “அவன்தான் தட்டினான்” என்று சிவப்பு முறையிடும். அவர் வேண்டுமென்று தொட்டாரா என்பது கேள்வியே அல்ல. தொட்டாரா என்பதே கேள்வி.

முதல் நிபந்தனையை மறப்பவர்கள் ரீபவுண்டில், அதாவது கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தில், மாட்டிக்கொள்கிறார்கள். கூடைக்கு எறிந்த பந்து கையைவிட்டதும் சிவப்பின் அணிக் கட்டுப்பாடு முடிகிறது. வளையத்தில் பட்டு வந்ததை உயரமான சிவப்பு 15 கையால் தட்டிவிட, அது பின்களம் வரை போய்ச் சிவப்பு 4 எடுத்தால் குற்றமில்லை, தட்டுவது பிடிப்பதாகாது. சிவப்பு 15 அதைப் பிடித்துவிட்டு எறிந்திருந்தால் குற்றம்.

காற்றில் இருக்கும் வீரர் எங்கிருந்து குதித்தாரோ அங்கேயே இருப்பதாகக் கணக்கு. சிவப்பு 4 பின்களத்திலிருந்து விடும் பாஸுக்கு, முன்களத்திலிருந்து குதித்த சிவப்பு 7 காற்றில் பிடித்துப் பின்களத்தில் இறங்கினால் விசில். ஆனால் அதே பாஸை நீலம் 10 தன் முன்களத்திலிருந்து குதித்து இடைமறித்து, காற்றிலேயே பிடித்து, வேகத்தால் தன் பின்களத்தில் இறங்கினால் குற்றமில்லை. தன் அணிக்குப் புதிதாகக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தவருக்கு மட்டும் உள்ள சலுகை அது. முன்களத்து ஓரத்திலிருந்து உள்ளே போடும் பந்துக்கு இந்தச் சலுகை இல்லை, ஏனென்றால் பந்தைக் கையில் வைத்து வெளியே நிற்பவரிடமே அணிக் கட்டுப்பாடு இருக்கிறது. சிவப்பு 7 முன்களத்திலிருந்து குதித்து அதைப் பிடித்துப் பின்களத்தில் இறங்கினால் ஊதுங்கள். இரண்டாம் கால்பகுதி முதல் ஒவ்வொரு கால்பகுதியையும் நடுக்கோட்டின் நீட்சியில் நின்று தொடங்குபவர் மட்டும், இருபுறமும் கால் வைத்து, திடலின் எந்தப் பகுதிக்கும் பந்தைக் கொடுக்கலாம்.

நடுவர் மேல் பந்து பட்டால்? நீங்கள் நிற்கும் இடத்தில் தரையில் பட்டதாகவே கணக்கு. பின்களத்திலிருந்து வந்த பாஸ் முன்களத்தில் நிற்கும் உங்கள் மேல் பட்டுத் திரும்பி, பின்களத்துச் சிவப்பிடம் போனால் குற்றமில்லை. முன்களத்தில் எந்தச் சிவப்பு வீரரும் அதைத் தொடவில்லை.

எங்கே நிற்பது, எப்படிக் காட்டுவது

இருவர் நடத்தும் ஆட்டத்தில் நடுக்கோடு, பந்துக்குப் பின்னால் வரும் நடுவரின் பொறுப்பு. பந்தோடு சேர்ந்து ஓடாமல் சில அடி பின்தங்கி வந்தால் கோடும் கால்களும் ஒரே பார்வையில் அகப்படும். கோட்டை நெருங்கும்போது முதலில் கால், பிறகு பந்து என்று கண்ணை வையுங்கள். பந்தைத் துரத்தும் கண்ணுக்குக் குதிகால் தெரியாது. முன்னால் ஓடிய நடுவர், எதிரணி பின்களத்திலேயே நெருக்கித் தடுக்கும்போது, கடைக்கோட்டுக்குப் போய்விடாமல் வேகத்தைக் குறைத்து உதவ வேண்டும். விநாடிக் கடிகாரம் இல்லாத பள்ளி ஆட்டங்களில் 8 விநாடியைக் கையை வீசி வெளிப்படையாக எண்ணுங்கள். பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டால் பிறகு சண்டை குறையும்.

விசில் ஒன்றே, அழுத்தமாக. விரல்களைச் சேர்த்து விரித்த உள்ளங்கையை உயர்த்திக் கடிகாரத்தை நிறுத்துங்கள். அடுத்து என்ன குற்றம் என்று காட்டுங்கள். இரண்டாவது டிரிப்ளிங்குக்கு உள்ளங்கைகளைக் கீழ்நோக்கி மாறி மாறித் தட்டுவது, சுமந்ததற்கு உள்ளங்கையை அரைவட்டமாகத் திருப்புவது, நடந்ததற்கு இரு முஷ்டிகளையும் ஒன்றையொன்று சுற்றுவது, பின்களத்துக்குக் கையை உடலுக்கு முன்னால் அசைப்பது. கடைசியாக ஆட்டம் எந்தத் திசை என்று விரலால் சுட்டுங்கள். இந்த வரிசையை மாற்றினால் மதிப்பெண்ணும் நேரமும் குறிக்கும் மேசையில் இருப்பவர்கள் குழம்புவார்கள்.

டிரிப்ளிங் குற்றத்துக்கு, நடந்த இடத்துக்கு அருகில் வெளியிலிருந்து எதிரணி பந்தைப் போடும், பலகைக்கு நேர் பின்னால் மட்டும் கூடாது. பின்களக் குற்றத்துக்கு நீலம் தன் முன்களத்தில்தான் போட வேண்டும். சிவப்பின் பின்களம்தானே நீலத்தின் முன்களம். ஆகவே 24 விநாடிக் கடிகாரம் இருந்தால் அவர்களுக்கு 14 விநாடி. மேசை 24 போட்டுவிட்டதா என்று பந்தைக் கொடுக்கும் முன் நிமிர்ந்து பாருங்கள்.

தலைவர் வந்து “மிஸ்யே, ஏன்?” என்று கேட்டால் ஒரே வரி போதும்: “உங்கள் 7-இன் முழங்காலில் பட்டது, உங்கள் 4 எடுத்தார்.” யார் கடைசி, யார் முதல் என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் தலையசைத்துப் போய்விடுவார். அதைச் சொல்ல முடியவில்லை என்றால் நீங்கள் பார்க்காததை ஊதியிருக்கிறீர்கள்.

பழகுவதற்கு விசில் தேவையில்லை. ஒரு மாலைப் பயிற்சியில் நடுக்கோட்டுக்கு நேராகப் பக்கக்கோட்டின் வெளியே பத்து நிமிடம் நில்லுங்கள். கூடையைப் பார்க்காதீர்கள். பந்து கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் மெதுவாக வாய்விட்டுச் சொல்லுங்கள்: “கால், கால், பந்து, முன்களம்.” திரும்பி வந்தால், “கடைசி நீலம், முதல் சிவப்பு, சரி.” அடுத்த பத்து நிமிடம் தட்டுபவரின் கைகளை மட்டும் பாருங்கள்: “தொடங்கியது, முடிந்தது, நழுவியது.”